துரை பங்களாவும் தொழிலாளர் லயமும்: மலையகக் கட்டிட மரபுப் பாதுகாப்புக் குறித்து ஒரு நோக்கு

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்குச் செல்லும் பாதை காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையோரமாகச் செல்கின்றது. அந்நீர்ப்பரப்பைச் சூழ்ந்த தேயிலைக் குன்றுகளின் மேடான இடங்களில் பழைய வீடுகள் சில நிற்கின்றன. தோட்டத்துரைமாருக்கெனக் கட்டப்பட்ட பங்களாக்கள் அவை. காசல்ரீ பங்களா 1925ஆம் ஆண்டுக்கு உரியது. போகவந்தலாவைப் பக்கத்திலுள்ள ரியன்சின் பங்களா அதனினும் பழையது, 1888இல் எழுந்தது. இத்தகைய பங்களாக்கள் சில தில்மா தேயிலை நிறுவனத்தாரால் செப்பனிடப்பட்டு, 2005ஆம் ஆண்டு முதல் ‘சிலோன் ரீ ட்ரெயில்ஸ்’ என்ற பெயரில் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளாக நடத்தப்பட்டு வருகின்றன. பழைய கட்டிடங்கள் கவனிப்பாரற்று இடிந்து விழும் ஒரு நாட்டில் இவை நன்கு பேணப்படுவது வரவேற்கத்தக்கதே.

எனினும், பேணப்படுவது எது என்ற வினா எழுகின்றது. ஒரு கட்டிடத்தின் சுவரையும் கூரையையும் காப்பாற்றுவது ஒன்று. அக்கட்டிடம் எந்தச் சமூக உறவின் பொருட்டு எழுந்ததோ அந்த உறவு பற்றிய அறிவைக் காப்பாற்றுவது இன்னொன்று. பங்களாவைத் தனியொரு வீடாக நோக்கும் வரையில் அதன் கட்டிடக்கலையைக் கூட நாம் சரிவர விளங்கிக்கொள்ள இயலாது என்பதும், லயத்தோடு சேர்த்து நோக்கும்போதே அதன் அமைப்பு முழுமையாகப் பொருள்படும் என்பதும் எமது கருத்து. இக்கருத்தை வரலாற்று நோக்கில் நிறுவி, அதனடியாகப் பாதுகாப்பு முறை பற்றிச் சில முன்வைப்புகளைச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டில் ஐரோப்பியர் வீடமைத்த வரலாறு தேயிலைக்கு முந்தியது. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சேர் எட்வேட் பார்ன்ஸ் நுவரெலியாவை ஐரோப்பியப் படையினரின் உடல்நலத்துக்குரிய குளிர்வாசத்தலமாக வளர்த்தெடுத்தார். அங்கே தமக்கென அவர் அமைத்த வாசஸ்தலமே பின்னர் விரிந்து இன்றைய கிராண்ட் ஹோட்டலாயிற்று. அதே தேசாதிபதி பேராதனைக்கு அருகே கன்னொறுவையிற் கோப்பிச் செய்கையில் ஈடுபட்ட பெருந்தோட்ட முதல்வருள் ஒருவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆட்சியாளரும் தோட்டக்காரரும் ஒருவராகவே இருந்த அக்காலத்தில் மலைநாட்டு வீடு என்பது ஓய்வின் சின்னமாகவும் மூலதனத்தின் காவலரணாகவும் ஒருங்கே தோன்றிற்று.

ஆயினும் தொடக்ககாலத் தோட்டக்காரர் எல்லோரும் மாளிகைகளில் வாழவில்லை. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலர் வாழ்ந்தது மரக்குடிசை ஒன்றில். கோப்பிக் காலத்தின் வீடு அவசரத்தில் எழுந்த வீடு, காடழித்தவனின் வீடு. 1869இல் இனங்காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரைச் சிறிது சிறிதாக அழித்தபின், தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. புகையிரதம் 1884இல் ஹற்றனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. தனியுடைமையாளரின் தோட்டங்கள் பலவும் இலண்டனிற் பதிவு செய்யப்பட்ட கம்பனிகளின் கைக்கு மாறின. இம்மாற்றத்தோடுதான் இன்று நாம் காணும் நிலைபேறுடைய பங்களா உருப்பெற்றது. கருங்கல் அத்திவாரம், பரந்த அறைகள், புகைபோக்கியோடு கூடிய கணப்படுப்பு, தகரக் கூரை, புற்றரை, ரோசாப் பாத்திகள் ஆகியன தேயிலை இலாபத்தின் கட்டிட வடிவங்கள் எனலாம்.

இவ்விடத்தில் ஆங்கில நாட்டுப்புற மாளிகையிலிருந்து மலையகப் பங்களா வேறுபடும் விதத்தையும் சுட்டுதல் வேண்டும். முன்னது பரம்பரைச் சொத்து. குடும்பப் பெயரும் குலச்சின்னமும் அதனோடு பிணைந்தவை. பின்னதோ பெரும்பாலும் ஒரு பதவிக்குரிய வாசஸ்தலம். அதில் வாழ்ந்த துரை கம்பனியின் சம்பளக்காரர். மாற்றலானால் அடுத்த துரைக்கு வீட்டை ஒப்படைத்துச் செல்பவர். எனவே பங்களாவின் வரலாற்றைக் குடும்ப வரலாறாக எழுதுவது பொருந்தாது. அது ஒரு பதவியின் வரலாறு. அப்பதவி செலுத்திய அதிகாரத்தின் வரலாறு.

இனிக் கட்டிட அமைப்பை நோக்குவோம். வங்காளத்து வீட்டு வகையிலிருந்து பெயரும் அடிப்படை வடிவமும் பெற்றது பங்களா. வெப்பநாட்டுச் சமவெளியில் நிழலுக்காக அமைந்த விறாந்தை, மலைக்குளிரில் அத்தேவையை இழந்தபின்னும் பங்களாவிலிருந்து மறையவில்லை. காரணம் அது அங்கே வேறொரு பணியைச் செய்தது. மேட்டில் அமைந்த வீட்டின் முன்விறாந்தையிலிருந்து மலைச்சரிவுகளும் தொழிற்சாலையும் பாதைகளும் கண்ணுக்குட்படும். மேட்டு நிலம் வடிகாலுக்கும் நல்ல காற்றுக்கும் ஏற்றதென்பது உண்மையே. ஆனால் அதே வடிகால் வசதியும் காற்றும் லயங்களின் இடத்தைத் தெரிவு செய்கையில் முதன்மை பெறவில்லை என்பதையும் சேர்த்து நோக்கினால், இடத்தெரிவில் சுகாதாரம் மட்டுமன்றிப் படிநிலையும் தொழிற்பட்டதை உணரலாம். துரை மேலே, உத்தியோகத்தர் இடையே, தொழிலாளர் கீழே என்ற ஒழுங்கு பல தோட்டங்களின் நிலவமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது.

பங்களாவின் முன்புறத்தைப் போலவே அதன் பின்புறமும் ஆய்வுக்குரியது. பெரும்பாலான பழைய பங்களாக்களிற் சமையற்கட்டு வீட்டின் பின்னே ஒதுங்கியிருக்கும். அதனையடுத்து வேலையாட்களின் சிறு அறைகள். சமையல் செய்யும் அப்பு, ஆயா, பங்களாப் பொடியன், தோட்டக்காரன், காவற்காரன் எனப் பலரின் உழைப்பு பின்வாசல் வழியே வந்து முன்னறையிற் பணிவிடையாகத் தோன்றிற்று. கணப்படுப்பில் எரிந்த விறகு யாரோ ஒருவரின் முதுகில் ஏறி மேட்டுக்கு வந்தது. ஒரு வீட்டினுள்ளே உழைப்போர் நடமாடும் வழியும் உழைப்பைத் துய்ப்போர் நடமாடும் வழியும் இவ்வாறு பிரிந்திருப்பது பங்களாக் கட்டிடக்கலையின் அடிப்படைப் பண்பு. தளவாடங்களை வருணிக்கும் நூல்கள் இதனை விட்டுவிடுகின்றன.

லயத்தின் அமைப்பு இதற்கு நேரெதிரானது. ஒரே நீண்ட கூரையின் கீழ்ப் பத்து, பன்னிரண்டு, சிலவிடங்களில் அதற்கு மேலும் அறைகள். இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசைகள். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓர் அறை ஒரு குடும்பத்தின் வீடு. அதனை மக்கள் காம்பரா என்பர். அதன் முன்னேயுள்ள ஒடுங்கிய திண்ணை இஸ்தோப்பு. பங்களாவின் விறாந்தைக்கும் லயத்தின் இஸ்தோப்புக்கும் கட்டிட வகையில் உறவுண்டு. ஆனால் முன்னது பார்ப்பதற்கும் தேநீர் அருந்துவதற்கும் உரிய இடமாயிருக்க, பின்னது சமைக்கவும், நோயாளியைக் கிடத்தவும், விருந்தினர் உறங்கவும், சில வேளைகளிற் பிரேதத்தை வைக்கவும் பயன்பட்டது. இரண்டும் தகரக் கூரையுடையனவே. ஒன்றின் புகை புகைபோக்கியால் வெளியேறிற்று. மற்றதன் புகை சுவரிலும் பெண்களின் நெஞ்சிலும் படிந்தது.

இக்கட்டிடங்களின் பெயர்களும் கருதத்தக்கவை. பங்களா வங்கத்திலிருந்து வந்தது. லயம் ஆங்கிலத்து ‘லைன்’ என்பதன் திரிபு. குதிரை லாயத்தை நினைவூட்டும் அதன் ஒலி தற்செயலானதாயினும் அங்கு வாழ்ந்தோர் அதனைக் கேளாமலிருந்திருக்க முடியாது. காம்பரா போர்த்துக்கேய மூலத்தது. இஸ்தோப்பு ஒல்லாந்த மூலத்தது. தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வாழிடத்தின் உறுப்புகளுக்கு வழங்கிய பெயர்கள் இவ்வாறு பிறமொழி வழிவந்தவையாக இருப்பது, அவ்வாழிடத்தை வகுத்தோர் அதில் வாழ்ந்தோர் அல்லர் என்பதற்கு மொழிவழிச் சான்றாகின்றது. லயம் ஒருபோதும் குடியிருந்தவரின் உடைமையாயிருந்ததில்லை. அறை வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. பற்றுச்சீட்டுக் கொடுத்து வேலை நீக்கப்பட்டால் குடும்பம் அறையையும் இழக்கும். தொழிற்சங்கத்தார் லயத்துக்கு வருவதைக்கூட அத்துமீறலெனக் கொண்டு தடுக்கத் தோட்ட நிருவாகத்தால் முடிந்தது.

இந்த எல்லையைக் கடந்தோரை ஆட்சி எவ்வாறு நோக்கிற்று என்பதற்கு 1937ஆம் ஆண்டின் பிரேஸ்கேர்டில் விவகாரம் எடுத்துக்காட்டாகும். அவுஸ்திரேலியாவில் வாழ்ந்து இலங்கைக்கு வந்த இளைஞர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், தோட்டமொன்றிற் சின்னத்துரையாகப் பயிற்சி பெற்றவர். தொழிலாளர் பக்கம் சார்ந்து லங்கா சமசமாஜக் கட்சியோடு இணைந்து மேடையேறினார். தேசாதிபதி அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். உயர்நீதிமன்றம் அக்கட்டளை செல்லாதெனத் தீர்த்தது. ஓர் இளைஞரின் பேச்சு இத்துணை அச்சத்தை விளைவித்தமைக்குக் காரணம், அவர் பங்களாவுக்குரியவராயிருந்து லயத்தோடு பேசியமையே. மூன்றாண்டுகளின் பின், 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்கு இரையானார். பங்களாவின் அமைதியான புற்றரையும் இந்நிகழ்ச்சிகளும் ஒரே காலத்தின் இரு பக்கங்கள்.

தோட்ட உறவின் உச்சகட்டக் கட்டிடமாக ஊவாப் பக்கத்து அப்புத்தளையிலுள்ள அடிசம் மாளிகையைக் கொள்ளலாம். கொழும்பின் பெரும் வணிக நிறுவனமொன்றின் தலைவராயிருந்த சேர் தோமஸ் வில்லியேர்ஸ் இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்துக் கோட்டை வீட்டின் சாயலில் இதனை 1931இல் அமைத்தார்; தாம் பிறந்த கிராமத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். பர்மாத் தேக்கு அதில் தாராளமாகப் பயன்பட்டது. இலங்கையில் சர்வசன வாக்குரிமையோடு முதல் தேர்தல் நடந்ததும் அதே 1931இல் என்பது சிந்தனைக்குரியது. தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமைக்குப் பல கட்டுப்பாடுகள் இருந்தபோதிலும், பழைய ஒழுங்கு தளரத் தொடங்கிய ஆண்டு அது. அவ்வாண்டிலேயே கல்லிற் கோட்டை கட்டப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்குள் அது கைமாறிற்று. 1960களின் தொடக்கம் முதல் பெனடிக்ரைன் துறவியரின் மடமாக விளங்கும் அம்மாளிகையின் சில அறைகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. கட்டியவர் கனவிலும் கருதாத மக்கள் வரிசையில் நின்று அதனைப் பார்த்துச் செல்கின்றனர்.

துரைமாரின் நிறம் மாறியபோது பங்களா என்ன ஆயிற்று என்பது அடுத்த வினா. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச்சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. வெள்ளைத்துரை போனார், உள்நாட்டு முகாமையாளர் அதே பங்களாவில், அதே பின்வாசல் ஒழுங்கோடு குடியேறினார். லயத்தில் இருந்தவர் லயத்திலேயே இருந்தார். இடையில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை அவரது உறவினரைக் கப்பலேற்றியிருந்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. குடியேற்ற ஆட்சி நீங்கியபின்னும் அக்கட்டிட ஒழுங்கு நீங்காமை, அது ஓர் இனத்தாரின் வாழ்க்கைமுறை மாத்திரமன்று, ஓர் உற்பத்தி உறவின் வடிவம் என்பதைக் காட்டுகின்றது.

இப்பின்னணியில் இன்றைய பாதுகாப்பு முயற்சிகளை மதிப்பிடலாம். விடுதியாக மாற்றப்பட்ட பங்களாவில் விருந்தினர் துய்ப்பது ‘அக்காலத்து’ அமைதி. ஆனால் காசல்ரீ பங்களாவின் முன்னே விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு அக்காலத்துக்கு உரியதன்று. விமலசுரேந்திர மின்நிலையத்தின் பொருட்டு அணை கட்டப்பட்டு 1965இல் நிறைவெய்திய நீர்த்தேக்கம் அது. வீட்டிலும் நாற்பது ஆண்டு இளையது. சுதந்திர இலங்கையின் மின்சாரத் திட்டமொன்று குடியேற்றகால வீட்டுக்குப் பழைமையின் அழகைத் தந்து நிற்கின்றது. பழைமை எனப்படுவது கண்டெடுக்கப்படுவதோடு உருவாக்கப்படுவதுமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நீர்த்தேக்கம் காட்சியினுள் ஏற்றுக்கொள்ளப்பட்டது, லயம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. இவ்வேறுபாட்டுக்கு வயது காரணமன்று.

பழைமையே அளவுகோல் எனின், தோட்டங்களில் நூறாண்டு கடந்த லயங்கள் இன்றும் உள்ளன. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வயதுக்கு முதன்மையளித்தே கட்டிடங்களை நோக்குகின்றன. அவ்வளவுகோலை நேர்மையாகப் பிரயோகித்தால் பங்களாவோடு லயமும் மரபுரிமைச் சின்னமாகத் தகுதிபெறும். தகுதி பெறுவதாக யாரும் எண்ணிப் பார்க்காமைக்குக் காரணம், அழகு பற்றிய எமது கருத்தே துரைமாரிடமிருந்து பெறப்பட்டதாக இருப்பதாகும்.

இது இலங்கைக்கு மாத்திரம் உரிய பிரச்சினையன்று. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட ‘நாட்டுப்புறமும் நகரமும்’ என்னும் பொருள்படும் நூலில், ஆங்கில மாளிகைகளைப் போற்றும் இலக்கியம் அவற்றைத் தாங்கிய உழைப்பை எவ்வாறு மறைத்தது என்பதை ஆராய்ந்தார். பிரித்தானியாவின் தேசிய மரபுரிமை அறக்கட்டளை 2020 செப்ரெம்பரில் வெளியிட்ட அறிக்கை, தனது பராமரிப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்றவாதத்துடனும் அடிமை வணிகத்துடனும் இருந்த தொடர்புகளை எடுத்துரைத்தது. அதனாற் பெரும் சர்ச்சை எழுந்தது. எனினும் வீடுகள் இடிந்துவிடவில்லை. அவற்றைப் பற்றிய அறிவுதான் பெருகிற்று.

முற்போக்காளர் சிலர், பங்களா சுரண்டலின் சின்னம், அது அழிந்தொழியட்டும் என்று கூறக்கூடும். இக்கூற்று எமக்கு உடன்பாடன்று. சின்னம் அழிந்தால் சான்றும் அழியும். மேலும் அக்கட்டிடங்களின் கல்லும் மரமும் தொழிலாளரின் கைவினையே. மக்கள் ஒரு குடியேற்றகாலக் கட்டிடத்தைத் தமதென உணர முடியும் என்பதற்கு 1894ஆம் ஆண்டுக்குரிய நுவரெலியா அஞ்சலகம் உதாரணம். அதனை ஹோட்டல் தேவைக்கு வழங்கும் திட்டத்தை எதிர்த்து 2023 நவம்பரில் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாயிலினூடாகச் சாதாரண மக்கள் உட்சென்று கடிதமும் காசுக்கட்டளையும் அனுப்பியிருந்தனர். பங்களாவின் முன்வாசலுக்கு அத்தகைய நினைவு கிடையாது. புகுந்து பழகிய கட்டிடத்தையே மக்கள் காப்பர்.

லயத்தைப் பொறுத்தவரை பிரச்சினை மேலும் சிக்கலானது. மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் லயத்தை மரபுரிமைச் சின்னமெனப் பேணுவது அவர்தம் இடரைக் காட்சிப்பொருளாக்குவதாகும். லயங்கள் ஒழியவேண்டும் என்பது மலையக மக்களின் நியாயமான, நீண்டகாலக் கோரிக்கை. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டமும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலதிக 10,000 வீடுகளும் அத்திசையில் அமைந்தவை. இவை விரைந்து நிறைவெய்துதல் வேண்டும். ஆனால் ஒரு பதிவுமின்றி லயம் மறையுமாயின், நூறாண்டுகளின் பின் மலைநாட்டில் எஞ்சியிருப்பது பங்களா ஒன்றேயாகும். அப்போது வரலாறு துரையின் வரலாறாகவே வாசிக்கப்படும்.

இவ்விக்கட்டிலிருந்து மீளும் வழியை ஒரு சிறு முயற்சி காட்டுகின்றது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்திற் சமூக அபிவிருத்தி நிறுவகத்தார் 2007இல் அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை பழைய லயமொன்றிலேயே இயங்குகின்றது. வீட்டுப் பாத்திரங்களும் தொழிற்கருவிகளும் ஆவணங்களும் அங்கே தொகுக்கப்பட்டுள்ளன. மனிதர் வாழவேண்டாத லயம் ஒன்று, அவ்வாழ்வு பற்றிய அறிவின் இல்லமாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் எழுத்தில் செய்ததைக் கட்டிடத்திற் செய்யும் முயற்சி இது. மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றஞ் சென்ற அவர், லயத்து வாழ்வை உள்ளிருந்து எழுதினார். மலையக இலக்கியம் பங்களாவைப் பெரும்பாலும் வெளியேயிருந்தே காட்டிற்று. அதன் மேலான கதவு எழுதியோருக்குத் திறக்கப்படாமையே அதன் காரணம்.

ஆகவே எமது முன்வைப்புகள் மூன்று. முதலாவது, பாதுகாக்கப்படும் ஒவ்வொரு பங்களாவின் வரைபடமும் அதன் பின்கட்டு, வேலையாள் அறைகள், அத்தோட்டத்து லயங்கள், பெரட்டுக்களம், பிள்ளைமடுவம் ஆகியவற்றையும் உட்படுத்தித் தயாரிக்கப்படல் வேண்டும். விருந்தினர் கையிற் கொடுக்கப்படும் வீட்டு வரலாற்றில் துரைமாரின் பெயர்களுக்கு அருகே அங்கு பணிபுரிந்தோரின் பெயர்களும் இடம்பெறல் வேண்டும். தோட்டத்துச் செக்ரோல் ஏடுகள் எஞ்சியுள்ள இடங்களில் இது செய்யக்கூடியதே. இரண்டாவது, லயம் ஒன்று இடிக்கப்படுமுன் அதனை அளந்து, படமெடுத்து, அதில் வாழ்ந்த முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்தல் வேண்டும். எமது பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாறு, சமூகவியற் துறை மாணவர் விடுமுறைக் காலங்களில் இப்பணியை மேற்கொள்ளலாம். அவர்களுட் பலர் அந்த லயங்களிலிருந்தே வருகின்றனர். மூன்றாவது, ஒவ்வொரு மாவட்டத்திலும் குடியிருப்போர் புதுவீடு பெற்று வெளியேறியபின் ஒரு லயமேனும் அவர்தம் இணக்கத்தோடு பேணப்படல் வேண்டும்.

பங்களாவில் அப்புவாகவும் ஆயாவாகவும் வாழ்நாளைக் கழித்த தலைமுறையினர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். அந்த வீடுகளின் எந்தப் பலகை கிறீச்சிடும், எந்த அடுப்புப் புகையும், எந்த மணி அடித்தால் யார் ஓடவேண்டும் என்பதைத் துரைமாரிலும் நன்கறிந்தவர் அவர்களே. கட்டிடம் இன்னும் நூறாண்டு நிற்கக்கூடும். அவர்களோடு இப்போது பேசாவிடின் அதன் பாதி வரலாறு மீட்கமுடியாததாகிவிடும்.